புது ஹோட்டலுக்குப் பதினோரு பேர் கிளம்பும்போது

கேள்வி: மதுரை ஆரப்பாளையத்தில் இருக்கிறோம். என் தம்பி குடும்பமும் நாங்களும் சேர்ந்து மாதம் ஒரு தடவை புதிதாகத் திறந்த ஹோட்டலாகப் பார்த்துப் போவது வழக்கம். பெரியவர்கள் 8, பிள்ளைகள் 3, மொத்தம் 11 பேர். அப்பாவுக்குச் சர்க்கரை. மாமியார் சுத்த சைவம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு புது இடத்துக்குப் போனோம். ஆர்டர் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முதல் தட்டே வந்தது. பாதிப் பேர் சாப்பிட்டு முடித்த பிறகு மீதிப் பேருக்கு வருகிறது. அதற்குள் அப்பாவுக்கு வியர்த்துத் தலை சுற்றிவிட்டது. மறுநாள் மத்தியானம் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக வேறு போட்டிருந்தார்கள். இப்போது வீட்டுக்காரர், 'இனிமேல் பழகின கடையைத் தவிர எங்கேயும் வரமாட்டேன்' என்கிறார். எனக்கும் பிள்ளைகளுக்கும் புது ருசி பார்க்க ஆசை. புது ஹோட்டல் என்றாலே இப்படித்தானா, இல்லை நாங்கள்தான் எதையாவது கவனிக்காமல் விடுகிறோமா? மீந்ததைக் கட்டிக்கொண்டு வருவது சரியா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் (ஹோட்டல் சமையலறை நிர்வாக ஆலோசகர்):

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி, போன நாளாலும் நேரத்தாலும் ஆர்டர் வைத்த விதத்தாலும் வந்தது. இவை மூன்றும் உங்கள் கையில் இருப்பவை. வீட்டுக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

உங்கள் ஆர்டர் அந்த அடுப்படிக்குள் என்ன ஆகிறது என்று பாருங்கள். சப்ளையர் எழுதிக்கொண்டு போன ஆர்டர், கே.ஓ.டி. என்கிற சீட்டாக உள்ளே போகிறது. அங்கே எல்லாவற்றையும் ஒரே ஆள் சமைப்பதில்லை. பரோட்டா, தோசைக்குத் தவா மாஸ்டர், நான், தந்தூரிக்கு அடுப்பு மாஸ்டர், ஃபிரைட் ரைஸ், நூடுல்ஸ், சில்லி வகைக்குச் சைனீஸ் மாஸ்டர், கிரேவிக்கு ஒருவர், பிரியாணி அண்டாவிலிருந்து அள்ளிப்போட ஒருவர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வரிசை நிற்கிறது. உங்கள் மேஜையில் எட்டுப் பேர் தவா ஐட்டமாகவே சொல்லியிருந்தால், அந்த ஒரு வரிசையில்தான் எட்டும் நிற்கும். பக்கத்திலேயே அண்டா நிறையப் பிரியாணி சூடாக இருந்தாலும் அதனால் உங்களுக்கு லாபமில்லை.

கறிதோசையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைக் கொஞ்சம் தடிமனாக ஊற்றி, மேலே முட்டையை உடைத்துப் பரப்பி, சுக்கா வறுவலாக வதக்கிய கொத்துக்கறியை அள்ளி வைத்து அழுத்தி, ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திருப்பிப்போட்டு எடுக்க ஐந்திலிருந்து ஏழு நிமிடம் பிடிக்கும். நடுத்தரக் கல்லில் மூன்றுக்கு மேல் இடம் கிடையாது. ஆறு கறிதோசை என்றால் இரண்டு ஈடு. உங்களுக்கு முன்னால் வேறு மேஜைக்கு ஆறு இருந்தால் நாலாவது ஈட்டில்தான் உங்கள் கடைசி தோசை வரும். அதாவது கிட்டத்தட்ட அரை மணி நேரம். அந்தத் தோசைக்குச் சொன்னவர் காலித் தட்டோடு உட்கார்ந்திருக்க, பிரியாணி சொன்னவர் கை கழுவிவிட்டு வந்திருப்பார்.

சைனீஸ் பக்கம் கதை வேறு. ஒரே ஃபிரைட் ரைஸை மூன்று பிளேட் சொன்னால் ஒரே வாணலியில் ஒரே தடவையில் புரட்டி எடுத்துவிடுவார்கள். முட்டை, சிக்கன், மஷ்ரூம் என்று மூன்று விதமாகச் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் வாணலியைக் கழுவி, எண்ணெய் காயவைத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆளுக்கொரு ஐட்டம் சொல்வது சின்ன மேஜைக்குச் சரி. பதினோரு பேர் மேஜைக்கு அதுவே பாதித் தாமதம்.

ஆகவே ஆர்டரைப் பல அடுப்புக்கும் பிரித்து வையுங்கள். உங்கள் 11 பேருக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் நான் சொல்வது இது. ஸ்டார்ட்டர் மூன்று போதும். ஒரு பிளேட்டில் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டுத் துண்டு இருக்கும். ஒன்று பொரித்தது, ஒன்று தந்தூரி, ஒன்று சைவம். அடுத்து பரோட்டா 10, கறிதோசை 3 (ஒவ்வொன்றையும் நாலாக வெட்டித் தரச் சொல்லுங்கள்), பிரியாணி 3, ஒரே வகை ஃபிரைட் ரைஸ் 2, கிரேவி 3. பிள்ளைகளுக்கு நெய் தோசையோ இடியாப்பமோ தனியாக. இது வயிறு நிறைய வேண்டியதில் முக்கால் பங்குதான். மீதிக் கால் பங்கை, எது நன்றாக இருக்கிறதோ அதையே இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள். புது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிடிக்காத ஐட்டம் அப்படியே மீந்து நிற்கும், பிடித்தது அரைத் துண்டுதான் கிடைத்திருக்கும்.

ஆர்டரை இரண்டு சீட்டாகப் பிரிக்கச் சொல்வது இன்னும் முக்கியம். உட்கார்ந்ததும் சப்ளையரிடம், "பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் முதல்ல இதைக் கொண்டாங்க, மத்ததை அப்புறம் சொல்றோம்" என்று சொல்லி, நாலு ஐந்து ஐட்டத்தை மட்டும் முதலில் உள்ளே அனுப்புங்கள். சின்னச் சீட்டு சீக்கிரம் வெளியே வரும். நீங்கள் மெனுவைப் புரட்டி, தம்பியோடு பேசி முடிவெடுக்கும் கால் மணி நேரத்தில் அப்பாவும் மாமியாரும் பாதி சாப்பிட்டிருப்பார்கள்.

இனி நாளும் நேரமும். மதுரையில் ஞாயிறு இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை எந்த அசைவ ஹோட்டலுக்கும் உச்ச நேரம். அதே நேரத்தில்தான் ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களும் குவியும். மேஜையில் இருப்பவருக்கும் பார்சலுக்கும் அடுப்பு ஒன்றே. வாசலில் டெலிவரித் தம்பிகள் ஆறேழு பேர் போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தால் உள்ளே வரிசை நீண்டு கிடக்கிறது என்று அர்த்தம். உள்ளே மேஜை காலியாக இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். மாடியில் பார்ட்டி ஹால் இருக்கும் இடமாக இருந்தால், "இன்னைக்கு மேலே ஃபங்ஷன் இருக்கா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் நிச்சயதார்த்தம், வரவேற்பு என்று நூறு பேர் மேலே உட்கார்ந்திருப்பார்கள். கீழே இருக்கும் உங்களுக்கு மிச்ச மீதி ஆட்கள்தான் சமைப்பார்கள்.

ராத்திரி என்றால் ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். மத்தியானம் என்றால் பன்னிரண்டே கால். பிரியாணி அண்டா பெரும்பாலான இடங்களில் பன்னிரண்டு வாக்கிலும் சாயங்காலம் ஏழு வாக்கிலும்தான் தம் உடைப்பார்கள். அந்தச் சூட்டில் சீரக சம்பா உதிரியாக, கறி எலும்பை விட்டு வரும் பதத்தில் இருக்கும். ராத்திரி பத்தரைக்கு அதே அண்டாவின் அடியிலிருந்து வருவது வேறு சாப்பாடு. செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களில் மாசி வீதிகள், சிம்மக்கல், தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் புது இடம் பார்க்கலாம் என்று கிளம்பவே வேண்டாம். வண்டியும் போகாது, எந்த அடுப்படியும் நிதானமாக வேலை செய்யாது.

அடுத்து, எந்த ஹோட்டலுக்குப் போவது. திறந்த வாரத்திலேயே முழுக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பரோட்டா மாஸ்டர், தந்தூரி மாஸ்டர், அவர்களோடு வரும் ஆட்கள் எல்லாம் திறப்பு விழாவுக்கென்று சேர்க்கப்பட்டவர்களாக இருப்பார்கள். அளவு, பதம், உப்பு எல்லாம் ஒரு நிலைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். சில இடத்தில் முதல் மாதச் சம்பளத்தோடு மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விடுவதும் உண்டு. போன தடவை ருசித்த சால்னா இந்தத் தடவை தண்ணீராக இருப்பதன் காரணம் பெரும்பாலும் அதுதான். இரண்டு மாதம் தாண்டியும் கூட்டம் வருகிற இடம் என்றால் நம்பிப் போகலாம்.

கூகுளில் நட்சத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. திறந்த முதல் மூன்று வாரத்தில் விழும் ஐந்து நட்சத்திரங்களில் சொந்தக்காரரும் நண்பரும் நிறைய இருப்பார்கள். 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவரும் ஒன்று கொடுத்தவரும் உணர்ச்சியில் எழுதுவார்கள். மூன்று கொடுத்தவர் என்ன சாப்பிட்டார், எது குறை என்று எழுதுவார். ஒரே குறை மூன்று பேரிடம் வந்தால் அது உண்மை. இன்ஸ்டாகிராம் வீடியோவில் பார்க்கும் தட்டு, கூட்டம் இல்லாத மத்தியானப் பொழுதில், படம் எடுப்பதற்கென்றே அலங்கரித்து வைத்த தட்டாக இருக்கும். அதை வைத்து இடத்தைத் தெரிந்துகொள்ளலாம், ருசியைத் தெரிந்துகொள்ள முடியாது.

அதன்பிறகு நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும், அல்லது நீங்களும் தம்பி மனைவியும், ஒரு வார நாளில் போய் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேர், மூன்று ஐட்டம். பரோட்டாவை வைத்தே பாதி தெரிந்துவிடும். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு நாலைந்து பரோட்டாவைச் சேர்த்து வைத்து இரண்டு கையாலும் அடித்தால்தான் அடுக்கு விரியும். ஆறவிட்டு அடித்தால் உடைந்து தூளாகும், அடிக்காமலே விட்டால் வட்டமான சப்பாத்தி மாதிரி ஒட்டிக்கிடக்கும். தட்டுக்கு வந்த பரோட்டாவை விரலால் பிய்க்கும்போது ஏடு ஏடாகப் பிரிந்து, உள்ளே மாவு வெந்து, வெளியே மட்டும் மொறுமொறுப்பு இருந்தால் அந்தத் தவாவில் வேலை தெரிந்த ஆள் நிற்கிறார்.

மெனு அட்டையையும் படியுங்கள். இருபது மேஜை உள்ள இடத்தில் இருநூறு ஐட்டம் இருந்தால், பாதி பெயர்கள் இரண்டு மூன்று அடிப்படைக் கிரேவியிலிருந்து வருபவை. வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த சிவப்புக் கிரேவி, முந்திரி சேர்ந்த வெள்ளைக் கிரேவி. கடாய், பட்டர் மசாலா, ஹைதராபாதி என்று பெயர் மாறும், மேலே போடும் பொடியும் கிரீமும் மாறும். தப்பு ஒன்றும் இல்லை, ஹோட்டல் தொழிலே அப்படித்தான். ஆனால் நாலு கிரேவி சொல்லிவிட்டு நாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு நாட்டுக்கோழிக் குழம்போ மட்டன் சுக்காவோ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சப்ளையரிடம் "என்ன நல்லா இருக்கும்?" என்று கேட்டால், எல்லாம் நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார். "இங்கே எது அதிகமா ஓடுது?" என்று கேளுங்கள். ஓடுகிற சரக்கு தினமும் புதிதாக வரும். ஓடாத சரக்கு ஃப்ரீசரில் கிடக்கும். பரோட்டாவுக்கும் சுக்காவுக்கும் கூட்டம் வருகிற இடத்தில் ஒரு மூலையில் எழுதியிருக்கும் இறால் தெர்மிடோரைச் சொல்லிப் பார்ப்பது வீண். புரட்டாசியில் நிறையக் குடும்பங்கள் அசைவத்தை விட்டுவிடுவதால் அசைவ ஹோட்டல்களில் சரக்கு மெதுவாக நகரும். அந்த மாதம் புது அசைவ இடம் பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பதில் நல்ல சைவ ஹோட்டல்களைப் பார்த்து முடிக்கலாம், மாமியாருக்கும் மனநிறைவாக இருக்கும்.

மாமியார் விஷயத்தில் அதிகம் கவனம் வேண்டும். அசைவமும் சைவமும் சேர்ந்து நடக்கிற இடத்தில், "வெஜ்தானே?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: கோபி 65 பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி தனியா, இல்லை சிக்கன் பொரித்த அதே சட்டியா? தோசைக்கல் தனியா? சைவப் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவில் எலும்பு போடுகிறார்களா? பரோட்டா மாவில் முட்டை சேர்க்கிறார்களா? பல மாஸ்டர்கள் மாவு மிருதுவாக வரவேண்டும் என்று முட்டை உடைத்து ஊற்றித்தான் பிசைகிறார்கள். சாப்பிடுகிறவருக்குக் கண்ணில் தெரியாது. பதில் தடுமாறினால், அவருக்கு இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் என்று கல்லையும் எண்ணெயையும் தொடாததைச் சொல்லிவிடுங்கள். முந்திரி, நிலக்கடலை, இறால், நண்டு யாருக்காவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் முதல் சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கிரேவி எல்லாமே முந்திரிதான் என்பது நினைவிருக்கட்டும்.

அப்பாவுக்கு வியர்த்துத் தலை சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் யோசிக்கிற விஷயமாக விடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையையோ இன்சுலினையோ வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பி, ஹோட்டலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அறிகுறிகள். வெளியே சாப்பிடும் நாளில் எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று அவருடைய டாக்டரிடம் ஒரு தடவை தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டோ ஒரு கைப்பிடி சுண்டலோ கொடுங்கள். மறுபடியும் அப்படி ஆனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிட வேண்டும்.

அவரைப்போன்ற பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது இடத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் இடம் தரைத்தளமா மாடியா, மாடி என்றால் லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். டவுன்ஹால் ரோடு, மாசி வீதிகள் பக்கம் காரை நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். கே.கே.நகர், அண்ணாநகர், அழகர்கோவில் ரோடு பக்கம் அந்தத் தொல்லை குறைவு.

இப்போது சின்னவனின் வயிற்றுப்போக்கு. சாப்பிட்ட கடைசி இடத்தின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், ஏற்கெனவே உணவில் நச்சு உண்டாகியிருந்தது என்று சந்தேகிக்கலாம். ஆறவைத்த சோறு, வெளியில் கிடந்த மயோனைஸ், கிரீம் இதெல்லாம் அந்த வகை. சோற்றில் வளரும் ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆறிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் என்றால், பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சமைத்து மெதுவாக ஆறவிட்ட கறிக்குழம்பு, பிரியாணி போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். சால்மொனெல்லா என்கிற கிருமியால் என்றால் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். உங்கள் மகனுக்கு ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டு மறுநாள் மத்தியானம் வந்திருக்கிறது. அந்த ஹோட்டலாகவும் இருக்கலாம், அதற்கு முன்பு பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்றதாகவும் இருக்கலாம். அதே ஐட்டத்தைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் வந்திருந்தால் சந்தேகம் வலுவாகும்.

அடுத்த தடவை மேஜையிலேயே கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்க வர வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் நிற்கும் உணவில்தான் கிருமி பெருகும். வெளியே சுட்டு உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பழசைச் சூடுகாட்டியிருக்கிறார்கள், திருப்பி அனுப்புங்கள், கூச்சப்படாதீர்கள். எலும்போடு ஒட்டிய கறி இளஞ்சிவப்பாக, சாறு சிவப்பாக இருக்கும் கோழியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது காரணமில்லாமல் இல்லை. ஷவர்மா, கிரில் சிக்கனோடு வரும் வெள்ளைச் சட்னி எதில் செய்தது என்று கேளுங்கள். பொரித்த ஐட்டம் கருத்து, தொண்டையைக் கரகரக்க வைத்து, பழைய மீன் வாடை அடித்தால் எண்ணெய் பல தடவை காய்ந்தது. சிக்கன் 65 விரலில் ஒட்டி, சோப்புப் போட்டும் போகாத சிவப்பாக இருந்தால் அந்தத் தட்டை அத்தோடு விட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனால், நல்ல காய்ச்சல் அடித்தால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தால் பில்லை வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். இதற்காகத்தான் பில்லைக் கல்லாவிலேயே கசக்கிப் போடாமல் இரண்டு நாள் வைத்திருங்கள் என்று சொல்வது.

பில்லில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, 14 இலக்க உணவு உரிம எண். 2022 ஜனவரி முதல் பில்லில் அது இருந்தாக வேண்டும். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு கடைக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், நம்முடையது 24. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. திறந்து இரண்டு மாதமே ஆன கடையின் பில்லில் பல வருடத்துக்கு முந்தைய ஆண்டு இருந்தால், வேறு கடையின் எண்ணா என்று சந்தேகப்படலாம். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' என்ற செயலியில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும்.

இரண்டாவது ஜி.எஸ்.டி. சாதாரண ஹோட்டலில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தம் 5 சதவீதம்தான். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று இரண்டு வரியாக அச்சாகியிருக்கும். பில்லில் 'காம்போசிஷன்' என்று போட்டிருக்கும் சிறு கடை உங்களிடம் தனியாக வரி வாங்கக்கூடாது. மூன்றாவது நீங்கள் கேட்ட சர்வீஸ் சார்ஜ். அது வரி இல்லை, அரசுக்குப் போவதில்லை. தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "இதை எடுத்துட்டு வேற பில் கொடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு, ஓடி ஓடிக் கொண்டுவந்து வைத்த சப்ளையர் கையில் உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சர்வீஸ் சார்ஜ் அவர் கைக்குப் போகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது, இது போகும்.

பணம் பங்கு போடுவதிலும் தம்பி குடும்பத்தோடு மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அரைப் பங்கு என்று வைத்தால் உங்கள் 11 பேர் ஒன்பதரைப் பங்கு. பில் 4,275 ரூபாய் என்றால் பங்குக்கு 450. மாமியார் இரண்டு இடியாப்பம் மட்டும் சாப்பிட்டிருந்தால் அவரை அரைப் பங்கில் சேர்த்துவிடலாம். கிளம்பும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள், கல்லாவில் நின்று பேச வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வழி சொல்கிறேன். அவருடைய பழகின கடையை விடவேண்டியதில்லை. பரோட்டா, சுக்காவை அவருக்குப் பிடித்த இடத்தில் முடித்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடிப்பதை மட்டும் ஒரு புதுக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புது இடத்தில் ஸ்டார்ட்டர் மட்டும். சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறிதோசை சாப்பிட்டுப் பழகியவருக்குப் புதுக் கடையின் கறிதோசையைக் கொடுத்தால் ஒப்பிட்டுக் குறைதான் சொல்வார். அவருக்கு ஒப்பிட முடியாத ஒன்றைக் கொடுங்கள். சௌராஷ்டிரர் வீட்டுப் பலகாரம் விற்கும் சின்னக் கடையோ, வேறு மாவட்டத்துச் சமையல் செய்கிற மெஸ்ஸோ, அவருக்குப் பழக்கமில்லாத மீனோ. மனுஷர் தானாக வருவார்.

மீந்ததைக் கட்டிக்கொண்டு வருவது சரிதான், நல்ல பழக்கமும்கூட. ஆனால் எல்லாவற்றையும் கட்டாதீர்கள். மேஜைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் வைக்க முடியுமா என்று பாருங்கள். வெயில் காலத்தில், காரில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு இடம் சுற்றுவதாக இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மயோனைஸ், வெங்காயத் தயிர்ப்பச்சடி, வெட்டி வைத்த வெங்காயம், வெள்ளரி, ஐஸ்கிரீம் போட்ட எதையும் விட்டுவிட வேண்டும். பிரியாணி, ஃபிரைட் ரைஸைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் காலையோ மத்தியானமோ ஆவி வரச் சூடாக்கி ஒரே தடவையில் முடித்துவிடுங்கள், இரண்டாவது தடவை சூடாக்க வேண்டாம். கிரேவி கொதி வர வேண்டும். பரோட்டாவை மிச்சம் வைத்தால் மறுநாள் முட்டையும் மீந்த சால்னாவும் சேர்த்துக் கொத்திவிடலாம். கிளம்பும்போதே இரண்டு எவர்சில்வர் டப்பாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதைவிட அது எவ்வளவோ மேல், கேட்டால் பெரும்பாலான கடையில் டப்பாவிலேயே ஊற்றித் தந்துவிடுவார்கள்.